இடது கை

பண்ணைப் பாலத்தின் நடுவில்
போனை எடுக்க ஓரங்கட்டியபோது
கிளச் வயர் அறுந்தது.
பெரிய சத்தமில்லை,
மூக்குத்தித் திருகு கழன்று
சீமெந்தில் விழுந்த மாதிரி ஒரு டிக்.
லீவர் விரலோடு வந்து
கைபிடியில் படுத்துக்கொண்டது.
வண்டி ஒருதரம் குதித்துச் செத்தது.

இரண்டு பக்கமும் கடல்.
முழங்காலளவு தண்ணீரில் வலைத்தடிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம்.
பின்சீட்டில் றப்பர் பட்டியால் கட்டிய நைதரசன் குடுவை.
அதற்குள், உறைந்துபோய்,
கண்டிப் பக்கம் எங்கோ அசைபோட்டு நிற்கிற
ஒரு ஜேர்சிக் காளையின்
இன்னும் பிறக்காத கன்றுகள்.

போனில் தவமலரக்கா:
"பிள்ளை எங்க நிக்கிறாய்?
விடியத் தொடங்கிக் கத்துது.
பொழுதுபட்டாச் சரிவராதெல்லோ."
போன மாதமும் பிந்தித்தான் போனேன்.
இன்னொரு இருபத்தொரு நாள் என்றால்
அவவுக்கு அது ஒரு சீட்டுக்காசு.

பெட்டிக்குள் ஒரு குறடு, ஒரு பழைய பிளக்.
"நூல் பிரியுது தங்கச்சி, மாத்துங்கோ" என்று
நாவாந்துறைக் கராஜ்காரர் சொன்னது தையில்.
அடுத்த சம்பளம் என்றேன்.
இப்போது ஆடி.
மிச்ச வயரைக் குறட்டால் இழுக்க
மிச்சமும் பிரிந்தது.

சரி, இல்லாமலே ஓடலாம்.
நியூற்றலில் ஸ்ராட் பண்ணி
உருட்டிக்கொண்டு ஓடி
வேகம் வந்ததும் பாய்ந்து ஏறி
முதல் கியரை மிதி.
மிதிக்கும்போது யோசிக்காதே.
இரண்டுதரம் யோசித்தேன், இரண்டுதரமும் நின்றது.
மூன்றாம் தரம்
பிடரியில் பிடித்து உலுக்கின மாதிரி ஓர் உதறல்,
பிறகு கடல் நகரத் தொடங்கியது.

இரண்டாம் கியரை
காலால் கேட்க வேண்டும்.
அக்சிலேற்றரைக் கொஞ்சம் விட்டு
எஞ்சின் மூச்சு மாற்றுகிற அந்த இடைவெளியில்.
கேட்டால் தரும்.
அதட்டினால் பல்லை நறநறக்கும்.
மூன்றாவதும் விழுந்த பிறகு ஒரே விதி,
நிற்கக் கூடாது.

சோளகம் முகத்தில் அடித்தது.
அல்லைப்பிட்டியில் நேவிக்காரன் கை காட்டினான்.

இதே றோட்டில்
அப்பா எஞ்சினை நிப்பாட்டி இறங்கி
நூறு யார் உருட்டிப் போவார்.
நான் பெற்றோல் ராங்கில் இருப்பேன்,
கதைக்கக் கூடாது.

விதியை மறந்து கால் பிறேக்கை மிதித்தது.

இருபது வயது இராது அவனுக்கு.
குடுவையைத் தட்டி "மே மொக்கத?"
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தேடி
"ஹரக்... பேபி" என்றேன்.
நெடுநேரம் குடுவையைப் பார்த்தான்.
பிறகு செத்த லீவரைப் பார்த்தான்.
துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு
பின்னால் வந்து வண்டியைத் தள்ளினான்.
தடதடவென்று சப்பாத்துச் சத்தம்.
மிதித்தேன், பிடித்தது.
திரும்பிப் பார்க்க ஏலாது.
நன்றி சொன்னேனா,
சொல்லியிருந்தால் எந்த மொழியில்,
தெரியாது.

வேலணையில் ஆடுகள் வழிவிட மறுத்தன,
அவற்றைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன்.
தவமலரக்காவின் படலை திறந்திருந்தது.
நியூற்றல் அகப்படவில்லை.
சாவியை மூட,
வாழைமரத்தில் முட்டி நின்றது.
மாடு கத்துவதை விட்டுத் திரும்பிப் பார்த்தது.

தோள்வரை கையுறை. இடது கையில்தான்.
வழி முழுக்க இல்லாத வயரை
இழுத்து இழுத்து அலுத்த நாலு விரல்கள்
இருட்டுக்குள் போய்த் தடவின.
கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு.
கருப்பையின் கழுத்து
கைக்குள் வந்து அமர்ந்தது.

"அக்கா" என்றேன், அப்படியே நின்றபடி,
"கட்டுக்கம்பி ஏதும் கிடக்கோ?"