பதினேழு வினாடி

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில்
என் எண்ணுக்குக் காத்திருக்கையில்
யாரோ விட்டுப்போன பத்திரிகை கிடைத்தது.
நடுப்பக்கத்தில் ஒரு பட்டியல்:
மணிலாவும் அதை ஒட்டிய ஊர்களும்
பெற்றெடுத்த பிரபலங்கள்.
பாடகிகள் நால்வர். ஓர் அழகுராணி.
சிரிக்கவே தெரியாத ஒரு நீதிபதி.
கூடைப்பந்தாட்டக்காரன் ஒருவன்,
தலை படத்துக்குள் அடங்கவில்லை.
செக்ரோலில் ஆள் தேடிய அதே விரலால்
மேலிருந்து கீழே வந்தேன்.
மலிக்சி இல்லை.

அறுபத்திரண்டு. தீபாவளி முடிந்த சம்பளச் சனி.
பத்தாங் பெர்ஜுந்தைத் திடலில்
தவுக்கே போ கியாட்டின் பன்பேர்.
மஞ்சள் நோட்டீசில், இரண்டு எழுத்துப் பிழையோடு,
'தொண்டோ வேங்கை, மணிலாப் புகழ்
கிறிசாந்தோ மலிக்சி
எதிர்
ரெண்டாம் டிவிஷன் காத்தமுத்து.'
தொண்டோ என்பது ஒரு பேட்டை என்று தெரியாமல்
என்ன தொண்டு செய்தானோ என்றோம்.

வேங்கை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தது,
அரைவேக்காட்டு முட்டையை ஊதிக் குடித்தபடி.
என் தோளுயரம். எண்ணெய் வைத்து வாரிய தலை.
எட்டாக மடித்த செய்தித்தாள் துண்டை
கேட்காமலே எடுத்துக் காட்டினான்.
அதில் அவன்தான். ஆனால் இன்னும் பற்கள் இருந்தன.

துரையின் ஸ்டாப்வாட்ச் சின்னக் கிராணி என் கையில்,
அதனால் மணியும் என் கையில்.
பெரட்டுக்கு அடிக்கிற அதே தண்டவாளத் துண்டு.

இரண்டு ரவுண்டு அவன் அங்கே இல்லவே இல்லை.
காத்தமுத்து காற்றைத்தான் குத்தினான்.
மூன்றாவதில்
இருபது வருடம் காண்டா வாளி சுமந்த தோள்
ஒரே ஒருமுறை வந்து சேர்ந்தது.
'மரம் சாயுது!' என்று எழுந்தது கூட்டம்.
எட்டு எண்ணும்போது எழுந்தான்,
முழங்கால் மட்டும் எழவில்லை.
வாயோரம் பால் வடிவதுபோல் ரத்தம்,
மெதுவாக, வெட்டின கோட்டின் வழியே.
கண்கள் எதையோ தேடின. மணிலாவையா,
கயிற்றையா, எனக்குத் தெரியாது.

கடிகாரத்தில் இன்னும் பதினேழு வினாடி.
அடித்துவிட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. சம்பள நாள், சம்சு,
யார் வினாடி எண்ணுவார்கள்?
காத்தமுத்து மட்டும்
ஓங்கிய கையை இறக்காமல் என்னைப் பார்த்தான்.
வாளிக்கு அரை ராத்தல் குறைத்து எழுது
என்று பெரிய கிராணி சொல்ல,
நாலு வருடமாக
அவன் பாலைக் குறைத்து எழுதியவன் நான்.
என் கை எடை அவனுக்குத் தெரியும்.

ஆறு ரவுண்டு முடிவில்
புள்ளியில் வென்றது மணிலா.
தவுக்கே கொடுத்தது பாதிப் பணம்.

கூடாரத்துக்குப் பின்னால்
மலிக்சி என்னைக் கண்டுபிடித்தான்.
பத்து விரலை விரித்தான், பிறகு ஏழு.
மயக்கத்திலும் எண்ணியிருக்கிறான்!
கிழிந்த உதட்டோடு சிரித்தான், நன்றியா கேலியா,
அதைச் சொல்ல எங்களிடம் பொது மொழி இல்லை.
விடிகாலை கோலசிலாங்கூர் பஸ்ஸில்
ஒரு கண் மூடியபடி போனான்.

திங்கட்கிழமை பால் கொட்டகையில்
காத்தமுத்து வாளியை இறக்கினான்.
'எத்தன ராத்தல், கிராணி?'
வேறொன்றும் சொல்லவில்லை.
முள் நின்ற இடத்தை அப்படியே எழுதினேன்.
அன்று மட்டும்.

செவ்வாயிலிருந்து பழையபடி.

அழகுராணியின் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது.
பேனாவை எடுத்தேன்.
மலிக்சி என்று எழுதினால்
அடுத்த வரியில் இன்னொருவனை எழுத வேண்டும்,
அவன் மணிலாக்காரனும் இல்லை, பிரபலமும் இல்லை.
மூடி வைத்தேன்.

நிமிர்ந்தால்
என் எண் எப்போதோ வந்து போயிருக்கிறது.
மறுபடி போய் எடுக்க வேண்டும்.