இடது பக்கத்துக் கொக்கி

ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில்
அதைக் கொண்டுவந்தாள் சோல்ரூன்.
வின்னிபெக் ஏரியில், ஹெக்லா தீவுக்கு வடக்கே
யாரோ போட்ட வலையில்
மீனோடு ஏறி வந்ததாம்.
"ஃபார்கோவோடதான்னு பாருங்க, மெட்ரோ."

என் கொட்டகையில் இழுவைக் கொக்கிகளுக்குப் பஞ்சமில்லை.
பெயின்ட் வாளிகளில் கிடக்கின்றன,
ஆர்பர்க் ஏலங்களில் எடைபோட்டு அள்ளியவை.
பழைய பிக்கப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள்
கால்கரியிலிருந்துகூட வருவார்கள்,
அசல்தானா, அசல்தானா என்று
பெண் பார்க்க வந்தவர்கள்போல் திருப்பித் திருப்பி.
நான் சொல்வது ஒன்றுதான்:
எழுத்தை நம்பாதே. எழுத்து துருவில் போய்விடும்,
இல்லையென்றால் எவனாவது பிற்பாடு குத்தியிருப்பான்.
துளையைப் பார்.

பார்த்தேன்.
கம்பித் தூரிகைக்கு அரைமணி நேர வேலை.
ஓரத்தில் ஓடிய வரி பட்டையாக இருந்தது:
வார்த்ததல்ல, அடித்தது.
வார்ப்பு வரி நூல்போல் மெலிந்திருக்கும்.
துளை இரண்டுக்கும் நடுவே என் நடுவிரல் நீளம்.
மூக்கு திரும்பிய பக்கத்தைப் பார்த்தால் இடதுபக்கத்தது.
பண்ணைக் கடையில் குவித்துவைத்து விற்ற மலிவுச் சரக்கல்ல,
ட்ரக் விற்றவன் தனியாகக் காசு வாங்கிப் பூட்டிக்கொடுத்தது.

ஆனால் ஃபார்கோவா என்றால்,
ஃபார்கோவும் டாட்ஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
நெற்றியில் பொறித்த பெயர்தான் வேறு.
அடியில் தொங்கும் கொக்கிக்கு
நெற்றியில் எழுதியது தெரியாது.

இதைத்தான் அவளிடம் சொன்னேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.

அறுபத்தெட்டு, மார்ச்.
வலையெடுக்க ஏரியின் உறைபனிமேல்
இரண்டு வண்டிகள் போயின.
அவள் அப்பா ஐனாரின் வண்டி திரும்பவில்லை, அவரும்.
பால்டூர் தன் வண்டியில் வந்தான்.
இழுத்துப் பார்த்தேன் என்றான்.
அவன் சங்கிலி ஒழுங்காகச் சுருட்டியபடி
பின்தட்டில் இருந்ததை
அவள் அம்மா தன் கண்ணால் பார்த்தாள்.
அதோடு சரி. எதிரெதிர் வீடுகள்,
கல்யாணம் சாவு எதற்கும்
சாலையைக் குறுக்கே கடந்தவர் இல்லை.

பிறகுதான் இரண்டாவது துளையைக் குடைந்தேன்.
துரு என்று நினைத்தது போல்ட்டின் மிச்சம்.
துருவால் உதிர்ந்த போல்ட் எலி கடித்த மாதிரி இருக்கும்.
இது கழுத்து மெலிந்து,
ஜவ்வுமிட்டாயை இழுத்து அறுத்த மாதிரி.
கொக்கியின் வாயும் விரிந்திருந்தது,
உள்வளைவில்
சங்கிலிக் கண்ணி பதிந்த பள்ளம்.

யாரோ இழுத்திருக்கிறார்கள்.
லேசாக அல்ல.

"வண்டியோடு போயிருந்தால் வண்டியோடு கிடந்திருக்கும்.
இது பிய்ந்து பனிமேல் தெறித்திருக்கும்,
பனி உருகியபோது தானே இறங்கியிருக்கும்" என்றேன்.
"யாரோட வண்டி?"
"தெரியாது."
"இழுத்தது?"
"அதையெல்லாம் கொக்கி சொல்லாது, சோல்ரூன்.
இந்த ஏரி விழுங்கிய வண்டிகளை வரிசையாக நிறுத்தினால்
கிம்லி வரைக்கும் வரும்."

அவள் விரிந்த வாய்க்குள்
சுண்டுவிரலை விட்டு
அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.
"ரிவர்ட்டன்ல பால்டூர் மகளோட டயர் கடை
இப்பவும் இருக்கா?"
"ஞாயிறு மட்டும் மூடல்."
"இன்னிக்குச் சனி" என்றாள்,
எனக்குத் தெரியாததுபோல்.

காசு வாங்கவில்லை.
கொக்கியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்,
ஒரு பக்கம் தோள் இறங்கி நடந்தாள்.

மரத்தின் வேர்க்கட்டையைப் பிடுங்கினாலும்
வாய் அப்படித்தான் விரியும்.
போல்ட்டுக்கு வேறு காரணம் தேடினால்
இரண்டு மூன்று கிடைக்கும்.
அவள் கார் வளைவில் திரும்பும்வரை
வாசலில்தான் நின்றேன்,
கூப்பிட்டிருக்கலாம்.

மேசையில் ரொட்டிப் பை.
உள்ளே ஒரு கரண்டி ஏரிச் சேறு,
இன்னும் காயவில்லை.