ஏழுக்கு மேல் ஒன்று

பூனை குறுக்கே போனால்
வண்டியை நிறுத்திவிடும் ஓட்டுநர்கள்
வூச் நகரத்திலும் உண்டு.
அன்றைக்கு அது குறுக்கே போகவில்லை.
குறுக்கே கிடந்தது,
பணிமனைக்குத் திரும்பும் கடைசி டிராமின் முன்னால்,
ஜனவரிப் பனியில் பாதி புதைந்து.

ஓட்டுநர் இறங்கவில்லை.
டிராம் கழுவுகிற லுத்மிவாதான் வந்தாள்,
ரப்பர் கையுறையும் வாளியுமாக.
வெந்நீரைத் தண்டவாளத்தில் கொட்டிவிட்டு
வாளிக்குள் பூனையை வைத்தாள்.
நல்லவேளை, தகரத்தில் இன்னும் சூடு இருந்தது.

மருத்துவர் ஹால்ஷ்கா எக்ஸ்ரே படத்தை
விளக்குப் பெட்டியில் மாட்டினாள்.
கறுப்பில் ஒரு மீன்முள்.
அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக,
மிளகு அளவில்,
யாரோ நிதானமாக விதைத்த மாதிரி.
"காற்றுத் துப்பாக்கி. ஏழு.
மூன்றை எடுத்துவிடலாம்.
நான்கு உள்ளேயே இருக்கட்டும், பழகிவிடும்."
யாருக்குப் பழகிவிடும் என்று லுத்மிவா கேட்கவில்லை.
எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.
அந்தக் குளிர்காலத்துக்குப் பழைய பூட்ஸே போதும் என்றாகிவிட்டது.

பூனை கண்ணை மூடினால்
பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள்.
வேறொருவர் வந்து அதன் கண்ணை மூடினால்?
இதற்கு இடப்பக்கம் முழுக்க இருண்டது.
இடப்பக்கமாகப் போனால் சீறும்.
வலப்பக்கமாகப் போனாலும் சீறும்,
கொஞ்சம் முன்கூட்டியே.

ஷ்ருபா என்று பெயர் வைத்தாள்.
அவர்கள் மொழியில் திருகாணி.
குளியல் தொட்டிக்கு அடியில் புகுந்து
இறுகிக்கொண்ட விதத்துக்குப் பொருத்தம்தான்.
ஒன்பது வாரம்.
இவள் குளிக்கும்போது கீழே மூச்சு கேட்கும்.
இரும்பு வழியே சூடு இறங்கட்டும் என்று
தொட்டியைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு
தண்ணீர் ஆறும்வரை அசையாமல் கிடப்பாள்.

மற்றப் பூனைகளுக்குப் பணிமனைச் சுவரோரம்
தெர்மாகோல் பெட்டிகள். உள்ளே வைக்கோல்.
கம்பளி வேண்டாம், ஈரம் குடித்து உறைந்துவிடும் என்று
கம்பளியோடு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள்.
ஒவ்வொருவரும் கம்பளியை வைத்துவிட்டுப் போகிறார்கள்.
அவளிடம் இப்போது பதினோரு கம்பளிகள் இருக்கின்றன.

மார்ச்சில் பெட்டிகளில் ஓட்டை விழுந்தது.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
இரண்டுக்கும் நடுவே
ஒரு பின்னல் ஊசியைச் செருகிப் பார்த்தாள்.
ஊசி, எதிர்க் கட்டடத்தின்
மூன்றாம் மாடிச் சன்னலைக் காட்டியது.

படியேறும்போது சொல்ல நிறைய வைத்திருந்தாள்.
கதவைத் திறந்தவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.
ஒரு காலில் சாம்பல் சாக்ஸ், மறு காலில் பச்சை.
உள்ளே தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
சொல்ல வைத்திருந்ததில் ஒன்றும்
அவன் உயரத்துக்கு இல்லை.
உறையிலிருந்து படத்தை எடுத்து
படிக்கட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.
அவன் கிட்டே வந்தான்.
உதடு அசைய, விரல் வைத்து எண்ணினான்.

"எட்டு."

ஏழு, என்றாள் இவள்.

இல்லை என்று தலையாட்டினான்.
வால் தொடங்குமிடத்தில்,
எலும்போடு எலும்பாக ஒளிந்திருந்த ஒரு வெள்ளையைத்
தொட்டான்.
எங்கே தேட வேண்டும் என்று
அவனுக்குத் தெரிந்திருந்தது.

நேரம் முடிந்து விளக்கு தானாக அணைந்தது.
சுவிட்ச் இருவருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
"அதைக் கொண்டுவா" என்றாள், இருட்டைப் பார்த்து.
இருட்டில் ஒரு பகுதி உள்ளே போனது.
திரும்பி வர வெகுநேரமானது.

துப்பாக்கி இவ்வளவு லேசாக இருக்கும் என்று
அவள் நினைத்திருக்கவில்லை.

வீட்டில் ஷ்ருபா
குளியலறைத் தரையில், வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது.
இவளைக் கண்டதும் தொட்டிக்கடியில் பாய்ந்தது.
வால் மட்டும்
ஒரு நொடி பின்தங்கி,
எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல்.