எர்த்

முத்தையன்கட்டு வீதியில் பாலை முறிஞ்சு
கம்பி மேல் கிடக்குது. மழை விட்ட இரவு, பத்தரை.
"எர்த்தோ? நீ பால் குடிக்கேக்க
நான் போஸ்டில நிண்டனான்" என்றார் அருளப்பர்.
பெடியள் இரண்டும் சிரிக்க டோர்ச் ஆடியது.

என் கையில் ஒரு படிவம்,
கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக.
எனக்குக் கத்தத் தெரியாது.
பேனையை மூடி
ஜீப் படியில் இருந்துகொண்டேன்.

சனம் வந்தது. "கரண்ட் எப்ப வரும் மிஸ்?"
அவரைக் கேளுங்கோ என நா உன்னியது.
"நான் இன்னும் விடேல்லை" என்றேன்.

ஒரு பீடி. இன்னொன்று.
பிறகு கோலை எடுத்தார், என்னைப் பாராமல்,
அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறூட்டுற சலிப்போடு
கொழுவினார்.

கம்பி சீறியது. நீலமாய், ஒருமுறை.

எங்கேயோ ஒரு கடைக்காரர்
ஜெனரேட்டரை வீட்டு வயரிலேயே கொடுத்திருக்கிறார்.
பெடியளிடம் சத்தமில்லை.
அருளப்பர் சட்டைப்பையில் பீடியைத் தேடினார்,
அது வாயில்தான் இருந்தது.

ஜெனரேட்டரை நிற்பாட்டுவித்து
கையெழுத்து வைத்தேன். எழுத்து கோணல்.

ஏணியில் பாதி ஏறி, திரும்பி,
"பிள்ளை, அதில நிக்காதை,
கொப்பு விழும்" என்றார்.

விலகினேன்.
விழுந்தது.