ஒரு சீர் குறைகிறது

செகெத் நகரம். போரின் மூன்றாம் குளிர்காலம்.
தீஸா ஆறு ஓரங்களில் உறையத் தொடங்கிய வாரம்.
தந்தி அறையில் இல்காவின் விரல்
குறில், நெடில், குறில் எனத்
தட்டிக்கொண்டிருக்கிறது.

வருந்துகிறோம், ரொட்டிக்கடை ஃபெர்கோ வீட்டுக்கு.
வருந்துகிறோம், பாலத்தடி மீன்காரி போரிஷ்காவுக்கு,
இரண்டாம் முறை.
வருந்துகிறோம்.
அந்தச் சொல்லைத் தட்ட இப்போதெல்லாம்
அவள் விழித்திருக்கத் தேவையில்லை.
ஒரே யாப்பு.
பெயர் மட்டும் தனிச்சொல்லாய் வந்து விழுகிறது.

இடையில் அரண்மனையிலிருந்து ஒரு தந்தி:
இளவரசிக்குத் திருமணம்,
எல்லாக் கோயில் மணிகளும் ஒலிக்கட்டும்.
மணிகளைத்தான் போன மாதமே
பீரங்கிக்கு உருக்க எடுத்துப் போனீர்களே
என்று அவள் பதில் தட்டவில்லை.

நள்ளிரவில் கம்பி சும்மா கிடந்தபோது
ஒரு பாட்டைத் தட்டினாள்,
முகவரி இல்லாமல்.
எதுகை தானாக வந்தது, கோபத்தின் கையைப் பிடித்துக்கொண்டு.
மோனையும் வந்தது.
இரண்டாம் அடியின் ஐந்தாம் சீர் மட்டும்
வரவே இல்லை.
அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டாள்,
மேலே தட்டினாள்.

விடிந்ததும் தணிக்கை அதிகாரி ஹொர்காய் வந்தார்.
ஊன்றுகோல் முதலில், அவர் பிறகு.
இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.
காகித நாடாவை மேசைமேல் நீளமாக விரித்தார்.
இல்கா எழுந்து தன் கோட்டை மாட்டிக்கொண்டாள்,
சிறையில் குளிருமே என்று.

"இங்கே தளை தட்டுகிறது," என்றார்.

பென்சில் முனையை நாக்கில் நனைத்தார்.
"வெறும் சேறு இல்லை அம்மா.
ஆற்றுச் சேறு.
நான் அங்கே இருந்தேன்."

எழுதி முடித்து, மெல்லிய குரலில்,
எண்ணி எண்ணிப் படித்தார்:

மன்னவன் விருந்தில் தட்டு
  மாற்றிடும் நேரத் துக்குள்
முன்னணி வரிசை மொத்தம்
  மூழ்கிய தாற்றுச் சேற்றில்;
என்னவென் றறியும் முன்னே
  எழுதினார் வெற்றி என்று;
இன்னொரு கோப்பை கேட்டார்;
  இன்னொரு படையும் கேட்டார்.

பிறகு முத்திரையைத் தேடி எடுத்து
ஊதிச் சூடாக்கிக் குத்தினார்:
ஆட்சேபம் இல்லை.

கருவி மறுபடி பேசத் தொடங்கியது.
குறில். நெடில்.
அவள் உட்கார்ந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை.
அந்த அறையிலும் குளிர்தான்.