படிவத்தில் ஒரு கட்டம்

தகட்டில் பொறித்திருப்பது நூற்று முப்பது.
அது கம்பெனி சொல்வது.

வண்ணார்பேட்டை, இரண்டாம் மாடி,
வியாழக்கிழமையின் ஆறாவது கண்.
சிவந்தியப்பன், இருபத்துமூன்று, திசையன்விளை.
கண்ணாடி போட்டவனை அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்களாம்.
மரத்துப்போன கருவிழியில்
பென்சில் முனை போன்ற குழலை டாக்டர் தொட்டு எடுக்க,
நான் வாசிக்கிறேன்: ஐந்நூற்று முப்பத்தெட்டு.
மடலைப் புரட்டியதும் அடியில் ஒரு தொடல்:
நானூற்று இருபத்தொன்று.
கழித்தால் நூற்றுப் பதினேழு.

மடலை யாருமே அளக்கவில்லை.
அது மூடியிருந்தபோது ஒரு தடவை,
விலகியபின் ஒரு தடவை;
இடையில் குறைந்ததற்கு அந்தப் பெயரை வைத்தோம்.

அதிலும் ஒரு வில்லங்கம்.
விளக்கடியில் படுகை காயும்.
சித்திரையில் மானூர்க் குளத்தைப் பார்த்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
அடி காய்ந்து மெலிய மெலிய
கணக்கில் மடல் தடிக்கும்.
டாக்டர் பஞ்சு கேட்டார், நான் தேடினேன்.
எத்தனை நொடி? எழுதி வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து
தொடாமல் ஒளியால் பார்க்கும் எந்திரம்.
திரையில் சாம்பல் வில், அதற்குள் மயிரிழையாய் ஒரு கோடு.
நடுவில் நூற்று ஒன்பது,
ஓரத்தில் நூற்று இருபத்தாறு.
கர்சரை ஒரு புள்ளி நகர்த்தினால் நூற்றுப் பன்னிரண்டு.
ஜெபசெல்வி வைத்தால் நூற்று ஆறு.
அவளும் நானும் ஒரே காலேஜ்.

இடது கண், அதே பிளேடின் இரண்டாம் வெட்டு.
அது பெரும்பாலும் மெல்லிசுதான்,
இரண்டு கருவியும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்வது இதை மட்டும்.

நோட்டில் அறுபத்திரண்டு கண்கள் ஆயிற்று.
இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன
என்கிறார் டாக்டர், திருப்தியாக.
ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில்
மேலே பஸ்ஸும் கீழே சைக்கிளும்
ஒரே திசையில்தான் போகின்றன.

டாக்டருக்கு வேண்டியது அடியில் மிஞ்சுவது.
இருநூற்றைம்பதுக்குக் கீழே போகக் கூடாது.
இந்த ஊரில் இருநூற்றைம்பது என்றால் அல்வா;
எங்களுக்கு அது கரை.

"எவ்வளவு கனத்துக்குக்கா அறுத்திய?"
படிவத்தில் இருப்பது ஒரே கட்டம்.
பேனாவால் நூற்றுப் பதினேழு எழுதி,
ஓரத்தில் பென்சிலால் நூற்று ஒன்பது எழுதி,
"ஒரு தலைமுடியை ரெண்டு மடங்கு வச்சுக்கோ" என்றேன்.
யார் தலைமுடி என்று அவன் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்து,
"வழி இட்டமொழி, நம்ம பஸ்ஸு" என்று இறங்கி ஓடினான்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன்.
பச்சையாய் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.