இரண்டு மீட்டருக்கு ஓர் அடி

மூவாயிரம் மீட்டருக்கு மேல்
மூச்சு கடனாகத்தான் கிடைக்கிறது.
எட்டு மிதிக்கு ஒரு நிறுத்தம்,
பிறகு ஐந்துக்கு ஒன்று,
பிறகு எண்ணுவதை விட்டேன்.

லெசோத்தோ.
ஒரு நாட்டின் வயிற்றுக்குள் இன்னொரு நாடு.
சாலை என்று வரைபடம் சொன்னது
தண்ணீர் கோபித்துக்கொண்டு போன ஆற்றுப்படுகை.
ஜூலை என்றால் குளிர்காலம்;
என் உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே கடைசி ஊரில்
கழிகளில் கொடி கட்டி வியாபாரம்.
வெள்ளை பறந்தால் சோளக் கள்,
சிவப்பு பறந்தால் இறைச்சி.
நான் தேடியது பச்சை, கொஞ்சம் கீரைக்கு.
அந்தக் கழியில் காற்று மட்டும் இருந்தது.
நாலு உருளைக்கிழங்கு, ஒரு டப்பா மத்தி வாங்கினேன்.
கூடாரம், அடுப்பு, படுக்கைப்பை,
பிரிக்காமலே சுமக்கும் ஒரு புத்தகம்,
எல்லாம் சேர்ந்து முப்பத்தொரு கிலோ.
இதை ஏன் கொண்டுவந்தாய், அதை ஏன் என்று
ஏற்றம் முழுக்க
முட்டிகள் குறுக்கு விசாரணை செய்தன.

கணவாய்க்கு இரண்டு வளைவு இருக்க
கூர்க்கல் ஒன்று பின் டயரின் விலாவைக் கிழித்தது.
ட்யூப் பிதுங்கியது, குடலிறக்கம்போல.
பணத்தாளை மடித்து உள்ளே வைத்தேன்: கிழிந்தது.
பிஸ்கட் உறை: அதுவும்.

முதலில் நாய்கள் வந்தன,
பின்னால் ஆடுகள்,
ஆடுகளுக்குப் பின்னால் ஒரு போர்வை,
போர்வைக்குள் லெதூகா.
லுமேலா என்றான். லுமேலா என்றேன்.
என் சேசோத்தோ அத்தோடு தீர்ந்தது.

கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தான்.
உட்கார்ந்தான். வலது கால் ரப்பர் பூட்ஸைக் கழற்றி
ரோமம் கத்தரிக்கும் கத்தரியால்
மேல்விளிம்பில் நாலு விரற்கடை வெட்டினான்,
வெங்காயம் நறுக்குகிறவனின் அலட்சியத்தோடு.
வேண்டாம் என்றேன், மூன்று மொழியில்.
மழையில் கொட்டிலுக்குள் வர மறுக்கும் ஆட்டைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தான்.

அன்றிரவு கூடாரம் பையிலேயே தூங்கியது.
அவன் கல்குடிசையில் சாணி மூட்டம்,
இருவருக்கும் கண்ணீர், யாருக்கும் துக்கமில்லை.
சாம்பலில் கிழங்கு வெந்தது.
கடலே இல்லாத நாட்டில்
மத்தியை மூன்றாகப் பங்கிட்டான்:
எனக்கு, தனக்கு, நொண்டி நாய்க்கு.
நாய்க்குத்தான் பெரிய துண்டு.

விடிந்தபோது பாட்டிலில் தண்ணீர் கல்லாகியிருந்தது.
பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்.

இறக்கத்தில்தான் கேட்டது.
ஒட்டுப்போட்ட இடம் தரையைத் தொடும்போதெல்லாம்
தொப்.
சக்கரம் ஒரு சுற்று. தொப்.
இரண்டு மீட்டருக்கு ஓர் அடி வைத்து
அவன் பூட்ஸ் என்னோடு நடந்து வருகிறது,
நொண்டியபடி, ஆனால் முந்திக்கொண்டு.

நாலாம் நாள், சந்தை ஊரில்
புது டயர் இருந்தது. என் அளவுதான்.
கடைக்காரர் மாதெபெலோ தூசி தட்டிக் காட்டினாள்.
விலை கேட்டேன், நியாயமான விலை,
சங்கிலி எண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
முட்டிகளும் கேட்டன.

இன்று மேலே பனி பெய்கிறதாம்.
வானொலி வைத்திருந்தவர் கையால் காட்டினார்:
முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை.

இடது காலுக்குப் போதும்.